யார் செலவு?

டீயைக் கொண்டுவந்து முன்னால் வைத்தால், அதைத் தொடுவதற்கு முன் "இது யார் செலவு?" என்று கேட்கிற கட்சிக்காரரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். கேட்டது என் சீனியரை. நாலு பேர் உட்கார்ந்திருந்த வக்கீல் ஆபீசில், சத்தமாக. சீனியர் சிரித்துக்கொண்டே, "என் செலவுதாம்மா, குடிங்க" என்றார்.

"அப்பறம் ஃபீஸ்ல சேத்துட மாட்டீங்களே?"

மாட்டேன் என்று அவர் உறுதி சொன்ன பிறகுதான் டம்ளர் கைக்குப் போனது. அப்போது நான் வேலூர் சத்துவாச்சாரியில் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கறுப்புக் கோட்டின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இவ்வளவு கருமியா என்று நினைத்தேன். என் அவசரப் புத்தி அப்படி.

ஊரில் அவரை ஷெட் அக்கா என்பார்கள். பேரணாம்பட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டில் பதினோரு தையல் மிஷின்கள் வைத்திருந்தார். ஷூவின் மேல்பகுதியைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் கம்பெனி வேன்கள் வந்து, வெட்டிய தோலை இறக்கிவிட்டு, தைத்ததை ஏற்றிக்கொண்டு போகும். இறக்குகிற தோலுக்கு அக்கா முன்பணம் கட்டுவதில்லை, ஜாமீன் கையெழுத்து யாரும் போடுவதில்லை. லட்சக்கணக்கில் பெறுகிற சரக்கை ஒரு தகர ஷெட்டில் போட்டுவிட்டு வேன்காரர் நிம்மதியாகப் போய்விடுவார். அந்த அம்மாளிடம் ஒரு துண்டுத் தோல்கூடத் தப்பிப் போகாது என்று இரண்டு ஊர்க் கம்பெனிகளுக்கும் தெரியும். அந்தப் பேரை வைத்துத்தான் பதினோரு பெண்கள் அங்கே சம்பளம் வாங்கினார்கள்.

அதற்கு முன் பதினெட்டு வருஷம் அக்காவே ஒரு கம்பெனியில் தையல் வேலை செய்தவர். குள்ளமான உருவம். கொண்டையில் எப்போதும் ஒரு வெள்ளி நிற மார்க்கர் பேனா செருகியிருக்கும், தோலில் அளவுக் குறி போட. கோர்ட்டுக்கு வரும்போதுகூட அதை எடுக்க மறந்துவிடுவார். ஒருநாள் கோர்ட் வாசலில் இருந்த பெண் போலீஸ், "இன்னாம்மா தலையில?" என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஷெட்டில் ஓர் ஊசி முறிந்தால் விசாரணை நடக்கும். வழக்குக்காக ரசீதுகள் எடுக்கப் போன ஒரு நாளில் நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முறிந்த ஊசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றது. அக்கா எழுந்து போய் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். தோலின் கனத்தை விரலால் தடவிப் பார்த்தார். மிஷின் கோளாறு என்றால் ஊசி அக்கா செலவு. கம்பெனிக்காரர் சொன்னதைவிடத் தோல் கனமாக வந்திருந்தால் கம்பெனி செலவு, அதற்கு உடனே ஒரு சீட்டு. பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டே ஓட்டி முறித்திருந்தால் அந்தப் பெண்ணின் செலவு. அன்றைக்குத் தீர்ப்பு மூன்றாவதாக வந்தது. அந்தப் பெண் முறைத்தபடி காசை எடுத்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தது. கால்மணி நேரத்தில் அக்காவும் அதுவும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு ஊசிதானக்கா, உட்டுடக் கூடாதா?" என்றேன்.

"ஊசிதான் பாப்பா. ஆனா ஒண்ணும் சொல்லாம உட்டா அது எம்மனசுல நிக்கும். பத்து ஊசி சேந்தப்பறம் ஒருநாள் வேற எதுக்கோ அந்தப் பொண்ணப் போட்டு கத்துவேன். இப்பவே யார் செலவுன்னு சொல்லிட்டா மனசுல இன்னா இருக்கு? ஒண்ணுமில்ல."

இதே நியாயம் தன்மேலும் பாயும். ஒரு தடவை நாற்பது ஜோடியை அளவு மாற்றித் தைத்துவிட்டாள் என்று ஒரு பெண்ணைப் பிடித்துக் காலையில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். மதியம் பார்த்தால் தோல் கட்டின் மேல் அளவுக் குறியைத் தப்பாகப் போட்டது அவரேதான். எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னார். திட்டு வாங்கியது எல்லோர் முன்னாலும்தானே, அதனால் எல்லோர் முன்னாலும், "தப்பு என்னுது" என்றார். அந்தப் பெண்ணுக்கு நாற்பது ஜோடிக்கும் கூலியைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது ஜோடித் தையலையும் தானே பிரித்தார். உதவிக்கு வந்த பெண்களை விரட்டிவிட்டார். "உங்க கை இதுல படக் கூடாது. இது எஞ்செலவு" என்றாராம். இதை எனக்குச் சொன்னது திட்டு வாங்கிய பெண்தான். சொல்லும்போது அதன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அப்படிப்பட்டவரின் தலையில்தான் ஆம்பூர் கம்பெனி ஒன்று கையை வைத்தது.

அறுநூறு ஜோடிக்கான தோலைத் திருப்பித் தரவில்லை, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயைப் பதினைந்து நாளில் கட்டு என்று முதலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த அறுநூறு ஜோடியும் தைக்கப்பட்டு, கம்பெனி கேட்டில் சீல் வைத்த சீட்டோடு உள்ளே போயிருந்தது. சீட்டு அக்காவிடம் பத்திரமாக இருந்தது. அதைப் பதிலோடு அனுப்பினோம். அதன் பிறகும் கம்பெனி விடவில்லை. இந்தப் பெண்மணி கடனைக் கட்ட வழியில்லாமல் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு பதினோரு நாள் தலைமறைவாகிவிட்டார், ஆகவே இவரைத் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும் என்று வேலூர் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். ஷெட் பதினோரு நாள் பூட்டியிருந்தது உண்மை. அந்தப் பதினோரு நாளும் அக்கா வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் மூட்டை தூக்கியே முதுகு போன கணவருக்குத் தண்டுவட ஆபரேஷன்.

கம்பெனியின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். திவால் என்றதும் பயந்து பாதிக்குப் பேச வருவார்கள். எங்கள் பக்கத்தில் அதை மஞ்சக் கடுதாசி என்பார்கள். அந்தப் பேர் ஒட்டிவிட்டால் அந்த ஷெட்டில் அப்புறம் எந்த வேனும் நிற்காது. உறவுக்காரர்கள், பக்கத்து ஷெட்காரர், ஏன், என் சீனியரே ஜாடையாக, ஒரு லட்சத்துக்குப் பேசி முடித்துவிடலாமே என்றார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி. அந்த ஒரு லட்சம் எதுக்கான செலவு சார்?" என்று கேட்டார். சீனியர் வக்காலத்து ஃபாரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். வழக்கை நடத்தினோம்.

ஒன்றரை வருஷம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வரத் தேவையில்லை என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்கவில்லை. பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறிக் குடியாத்தம் வழியாக வேலூர், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சத்துவாச்சாரி கோர்ட். ஒரு நாற்பது பக்க நோட்டில் போக வர ஆன செலவையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு தடவை அதை வாங்கிப் பார்த்தேன். டவுன் பஸ்ஸுக்கு நேராக '0 – கவர்மெண்ட்' என்று இருந்தது.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீ ஆச்சே, அத எதுக்கு எழுதறீங்க?"

"ஃப்ரீன்னா யாருமே குடுக்கலன்னு அர்த்தமா? கவர்மெண்ட்டு குடுக்குது. அது செலவ நாம கம்பெனிக்காரன் தலையில எழுதக் கூடாதில்ல."

நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்துப் பெண். ஜூனியருக்குச் சீனியர் கொடுப்பது பஸ்ஸுக்கும் ஹாஸ்டல் வாடகைக்கும் சரியாகப் போகும். மத்தியானம் பசிக்கவில்லை என்று சொல்லப் பழகியிருந்தேன். அதை அக்கா இரண்டாவது வாய்தாவிலேயே கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது வாய்தாவிலிருந்து டிபன் பாக்ஸ் இரண்டாக வந்தது. கேன்டீனுக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து மூடியைத் திறந்து நீட்டுவார். புளிச்சோறும் கத்தரிக்காய்த் தொக்கும். நான் தயங்கினால், "இது எஞ்செலவு. நோட்ல எழுதல. சாப்டு" என்பார். அந்தத் தொக்கின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்த நாட்களில் வாய்தா எப்போது வரும் என்று தேதியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த வக்கீல் வேலூரில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

விசாரணை முடிந்து, தீர்ப்புக்குத் தேதி போட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு அக்கா அந்த நோட்டிலிருந்து ஐந்து பக்கத்துக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். வழக்கில் ஜெயித்தவருக்குத் தோற்றவர் செலவுத் தொகை கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம் என்று நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார். பட்டியலில் பஸ் டிக்கெட், ஜெராக்ஸ், எங்கள் ஃபீஸ் எல்லாம் இருந்தன. அவர் இல்லாத நாட்களில் ஷெட்டில் தப்பாகத் தைத்த பன்னிரண்டு ஜோடி இருந்தது. கடைசி வரியில் 'தூக்கம்' என்று எழுதி, 'இதுக்கு எவ்ளோ போடறதுன்னு தெரியல, வக்கீலே போடவும்' என்று இருந்தது. நான் சிரித்துவிட்டேன். இதையெல்லாம் கோர்ட் தராது, தருவதற்கென்று வரையறை இருக்கிறது, நான் முறைப்படி ஒரு பட்டியல் தயார் செய்கிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு சின்ன வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தீர்ப்பு வருவதற்குள், வக்கீல் தான் இவ்வளவு கட்டணம் வாங்கினேன் என்று ஒரு சான்று எழுதி, செலவுப் பட்டியலோடு கோர்ட்டில் தாக்கல் செய்துவிட வேண்டும். ஒரே ஒரு தாள்தான். அது உள்ளே போகாவிட்டால், செலவுத் தொகையோடு ஜெயித்தாலும் வக்கீல் கட்டணம் கணக்கில் ஏறாது. சட்டப் புத்தகத்தில் பெரிதாகப் படிக்கிற விஷயம் இல்லை. குமாஸ்தாக்கள் நினைவுபடுத்துவார்கள். எங்கள் குமாஸ்தாவும் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். நாளைக்குச் செய்கிறேன் என்றேன். காய்ச்சலா, கல்யாணமா, ஒன்றும் இல்லை. சோம்பேறித்தனம். மறந்தும் போனேன்.

தீர்ப்பு அன்று அக்கா புதுச் சேலை கட்டி வந்தார். 'மனு செலவுத் தொகையுடன் தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று நீதிபதி வாசித்தார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா சொன்னாரே, செலவுன்னு. அது யாருது?"

"அவங்களுது அக்கா. அவங்கதான் உங்களுக்குக் குடுக்கணும்."

"ஜட்ஜே சொல்லிட்டாரா? எல்லாரும் இருக்கறப்பவா?"

ஆமாம் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். ஒன்றரை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். எனக்கும் கண் கலங்கியது. அந்த நிமிஷத்தில்கூட அந்த ஒற்றைத் தாள் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

தீர்ப்பாணை தயாராகி வந்தபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. செலவுத் தொகை எண்பத்தைந்து ரூபாய் என்று இருந்தது. வக்காலத்தில் ஒட்டிய ஸ்டாம்பும் இன்னும் இரண்டு மூன்று வில்லைகளும் சேர்ந்த தொகை. அக்கா போனில் கேட்டார். "கோர்ட்ல அவ்ளோதான் தருவாங்க அக்கா" என்றேன். பொய் என் வாயிலிருந்து தடங்கல் இல்லாமல் வந்தது. எண்பத்தைந்தா என்று அக்கா இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, சட்டம்னா சட்டந்தான்" என்று வைத்துவிட்டார்.

ஆம்பூர் கம்பெனி மேனேஜர் குறும்புக்காரர். ஒரு கவரில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை வைத்து, மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அக்கா எண்பத்தைந்து ரூபாய்க்கு ரசீது எழுதினார். மறுநாள் வேலையை விட்டுவிட்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறிப் போய், கம்பெனி கேட்டில் நின்று, மேனேஜரை வெளியே வரவழைத்து, பதினைந்து ரூபாயை அவர் கையில் வைத்துவிட்டு வந்தார். பஸ் செலவு அதைவிட ஜாஸ்தி. இந்தக் கதை தோல் ஊர்கள் முழுக்கப் பரவியது. அக்காவை மெச்சித்தான் சிலர் சொன்னார்கள். பலர் சொன்னது வேறு மாதிரி. ஒன்றரை வருஷம் கோர்ட்டுக்கு நடந்து எண்பத்தைந்து ரூபாய் வாங்கிய பொம்பளை என்றார்கள். நிஜமாகவே கம்பெனி மேல் தப்பு இருந்தால் ஜட்ஜ் இவ்வளவு கம்மியாகவா போடுவார், ரெண்டு பக்கமும் ஏதோ இருக்கும் என்றார்கள். வாணியம்பாடி வேன் இரண்டு வாரம் வரவில்லை. அப்புறம் ஒரு மாதம் வரவில்லை. பதினோரு மிஷினில் ஐந்துதான் ஓடியது.

அக்கா ஒரு நாள் ஆபீசுக்கு வந்தார். டிபன் பாக்ஸ் இல்லை. கோர்ட்டில் தானே மனுப் போட்டுத் தீர்ப்பாணையின் நகல் எடுத்திருந்தார். கடைசிப் பக்கத்தை என் முன்னால் விரித்தார். செலவுகளுக்கு அங்கே கட்டம் போட்டிருக்கும். ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதப் படிங்க வக்கீலம்மா."

எப்போதும் பாப்பா என்பவர். 'வக்கீல் கட்டணம் – சான்று தாக்கல் செய்யப்படவில்லை' என்று படித்தேன்.

"யாரு தாக்கல் பண்ணணும்?"

"நான்தான் அக்கா."

"மறந்துட்டீங்களா?"

"ஆமா."

"மறதி எல்லாருக்கும் வரும். நாப்பது ஜோடி நானே மாத்திக் குறி போட்டவதான்." நகலை மடித்தார். "இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எங்கிட்டயே சொல்லல. கோர்ட்ல அவ்ளோதான்னீங்க. நான் அத நம்பி, ஊர்ல கேக்கறவனுக்கெல்லாம் சட்டம் அவ்ளோதான்டான்னு சொல்லிட்டுத் திரியறேன். தப்பு உங்களுது. அசிங்கப்பட்டது யார் செலவுல பாத்தீங்களா?"

அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்றுதான் அடுத்துக் கேட்டார். இருந்தது. தீர்ப்பாணையைத் திருத்தக் கேட்டு ஒரு மனு. அதற்கு ஆதரவாக, ஏன் அந்தத் தாள் உள்ளே போகவில்லை என்று சத்தியம் செய்து நான் ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கோர்ட்டில், எல்லா வக்கீல்களும் இருக்கும்போது, அது வாசிக்கப்படும்.

சீனியரிடம் ஒப்புக்கொண்டேன். முதலில் நன்றாகத் திட்டினார். பிறகு இறங்கிவந்து ஒரு யோசனை சொன்னார். "தாள் ரெடியா இருந்துச்சு, குமாஸ்தா வேற கேஸ் கட்டுல வெச்சுத் தொலைச்சிட்டாருன்னு போட்டுடு. வழக்கமா எல்லாரும் அப்படித்தான் போடறது. அவரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு." குமாஸ்தா அங்கேயே கட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். போட்டுக்கம்மா, எனக்கென்ன என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படியே டைப் அடித்தேன். கட்சிக்காரரும் படிக்க வேண்டுமே என்று அக்காவிடம் கொடுத்தேன்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போல வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தார். நடுவில் விரல் நின்றது.

"இவரா தொலைச்சாரு?" குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லக்கா. சும்மா ஒரு வழக்கத்துக்கு..."

"அப்ப இவர் செலவுல ஏன் எழுதறீங்க?"

அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன். திரும்ப டைப் அடித்தேன். 'குமாஸ்தா இருமுறை நினைவுபடுத்தியும் என் கவனக்குறைவால் நான் தாக்கல் செய்யத் தவறிவிட்டேன்.' கையெழுத்துப் போட்டேன். இனி எந்தக் கட்சிக்காரர் என்னை நம்பி வருவார் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இருந்ததும் ஒரு பேர்தான், அது அப்போதுதான் முளைவிட்டிருந்தது.

மனு மூன்று தேதி நடந்தது. கம்பெனி வக்கீல் வாக்குமூலத்தை ரசித்து ரசித்து வாசித்தார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி தாளை வாங்கி ஒருமுறை படித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்களே எழுதினதாம்மா?"

"ஆமாம் ஐயா."

"ரொம்ப நாளாச்சு இப்படி ஒண்ணு படிச்சு" என்றார். மனுவை அனுமதித்தார். செலவுத் தொகை ஒன்பதாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய் என்று திருத்தினார். அக்காவின் ஐந்து பக்கப் பட்டியலில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. ஆனாலும் அது சில்லறை இல்லை. கம்பெனி செக் எழுதித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தத் திருத்த மனுவுக்கு மட்டும் செலவுத் தொகை இல்லை, அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

அக்கா அந்தச் செக்கை ஜெராக்ஸ் எடுத்து, திருத்திய கட்டத்தோடு சேர்த்து ஷெட் கதவில் ஒட்டிவைத்தார். வேன்காரர்கள் சரக்கு இறக்கும்போது படிக்கட்டும் என்று. வாணியம்பாடி வேன்தான் முதலில் திரும்பி வந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து ஆபீசுக்கு வந்தார். ஒரு சீட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"கடைசி மனுவுக்கு அவங்கவங்க செலவு அவங்கவங்க பாத்துக்கணும்னு ஜட்ஜ் சொன்னாரில்ல. அது எனக்கும் கம்பெனிக்கும். எனக்கும் உனக்கும் அப்படி இல்ல. அந்த மனு வந்ததே உன்னாலதான். மூணு தேதிக்கு வந்தேன். போக வர இருநூத்தி முப்பத்தி நாலு. ரெண்டாவது தேதி கேன்டீன்ல நீ சாப்பாடு வாங்கிக் குடுத்தியே, அதுக்கு அம்பது கழிச்சிட்டேன். நூத்தி எம்பத்தி நாலு குடு."

கையை நீட்டியபடி நின்றார். நான் இருநூறு ரூபாய் கொடுத்தேன். சுருக்குப்பையைத் திறந்து எண்ணிப் பதினாறு ரூபாய் மிச்சம் கொடுத்தார். ரசீது எழுதினார். 'வக்கீல் பாப்பாவிடமிருந்து பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி இல்லை.' எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பரவாயில்லை, விடு என்று அவர் சொல்லியிருந்தால் நான் ஆயுசுக்கும் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். அவர் அதைச் சொல்லவில்லை. கூடையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வைத்து, "தொக்குல இன்னிக்கு உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

கணவர் காலமான பிறகு அக்கா ஷெட்டை அந்தப் பெண்களில் ஒருத்தியிடமே கொடுத்துவிட்டு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன் நம்பரும் மாறிவிட்டது. அவரைப் பார்த்து நாளாகிவிட்டது. மத்தியானங்களில் அந்த சிமென்ட் பெஞ்சைத் தாண்டிப் போகும்போது மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

நான் தனியாக ஆபீஸ் போட்ட புதிதில் ஆறு மாதம் ஈ ஓட்டினேன். கோர்ட்டில் சிரித்தவர்கள் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள், இனி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், குடியாத்தத்திலிருந்து பவர்லூம் வைத்திருக்கிற ஒருவர் வந்தார். வாங்காத கடனுக்குப் பணம் கட்டச் சொல்லி ஃபைனான்ஸ்காரன் நோட்டீஸ் அனுப்பியிருந்தான். உட்காரச் சொல்லி, என்னைப் பற்றி யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"பேர்ணாம்பட்டு ஷெட்டக்கா ஓசூருக்குப் போறதுக்கு மின்னாடி சொல்லி வெச்சிதுமா. கேஸு கீஸு வந்தா உங்ககிட்டதான் போவணும்னு."

"இன்னா சொன்னாங்க என்னப் பத்தி?"

மனிதர் சங்கடத்தோடு நெளிந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று நோட்டீஸை உருட்டிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. அது கொஞ்சம் மறதிக்காரப் பொண்ணு, ஆனா மறந்தா தஞ்செலவுலதான் மறக்கும், உஞ்செலவுல மறக்காது, தைரியமா போன்னு சொல்லிச்சி."